கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுச் சவரக்கத்திக்கு மாறுவது: எதைப் பெறுகிறோம், எதை ஏற்கிறோம்

கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுப் பழைய முறைச் சவரக்கத்திக்கு மாறலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று குறைகளைச் சொல்கிறார்கள். மாற்றுத் தலைகளுக்காகத் திரும்பத் திரும்பச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. கழுத்தில் சிவந்த புள்ளிகளும் எரிச்சலும் வருகின்றன. தூக்கி எறியும் பிளாஸ்டிக் மனத்தை உறுத்துகிறது. மூன்றும் நியாயமான குறைகளே. ஆனால் இவற்றைத் தீர்க்கச் சவரக்கத்தி மட்டுமே வழி அன்று என்பதையும், அது இந்த மூன்றுக்கும் ஈடாக வேறொரு பொறுப்பை நம் தலையில் ஏற்றுகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கத்தியின் வாயை எப்போதும் கூராக வைத்திருப்பதே அந்தப் பொறுப்பு. கார்ட்ரிட்ஜில் அந்த வேலையைத் தொழிற்சாலை முடித்துத் தந்துவிடுகிறது. மழுங்கியதும் கழற்றி எறிந்து வேறொன்றை மாட்டிக்கொள்கிறோம். சவரக்கத்தியில் அதே வேலை முழுவதும் நம் கைக்கு வந்துசேர்கிறது. முகத்தில் கத்தியை ஓட்டுவதைச் சில மாதங்களில் யாரும் கற்றுக்கொள்ளலாம். தீட்டும் வேலையை ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் செய்ய முடியுமா என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். வாங்கிய கத்தி பெட்டிக்குள் போய்விடுகிறது.

நான் மாறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் பயணங்களிலும் அவசரமான காலைகளிலும் கார்ட்ரிட்ஜைத்தான் எடுக்கிறேன் என்பதால், ஒரு தரப்புக்காக வழக்காட வந்தவனாக இதை எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவே இருபுறமும் கூருள்ள பிளேடு போடும் பாதுகாப்பு ரேசரும், அரை பிளேடு செருகும் கத்தியும் இருக்கின்றன. அவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒருவர் தமக்கு உரியதைத் தேர்ந்தெடுக்க முடியும்.

தொழிற்சாலை தீட்டித் தரும் வாய்

எறிந்துவிடும் பிளேடு என்ற எண்ணம் பிறந்ததே தீட்டும் தொல்லையிலிருந்து தப்புவதற்காகத்தான். அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட், மெல்லிய எஃகுத் தகட்டாலான பிளேடைக் கொண்ட ரேசருக்கு 1901-இல் காப்புரிமை கோரினார். 1903-இல் விற்பனை தொடங்கியது. 1904-இல் காப்புரிமை கிடைத்தது. அவருக்கு முன்பே வாய்க்குக் காப்பு வைத்த ரேசர்கள் இருந்தன. ஆனால் அவற்றின் தடித்த அலகைச் சவரக்கத்தியைப் போலவே தீட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. ஜில்லெட் நீக்கியது அந்த ஒரு வேலையை. பின்னர் வந்தவை யாவும் அந்த எண்ணத்தின் நீட்சிகளே: அவருடைய நிறுவனம் 1971-இல் ஒரே தலையில் இரண்டு பிளேடுகளையும், 1998-இல் மூன்றையும், 2006-இல் ஐந்தையும் வைத்தது.

பிளேடுகளின் எண்ணிக்கையைவிட அந்தத் தலையின் அமைப்பே எனக்கு வியப்பளிக்கிறது. பிளேடு தோலைத் தொடும் கோணம் உற்பத்தியின்போதே நிலைநிறுத்தப்பட்டுவிடுகிறது. தலை அசைந்துகொடுத்துத் தாடையின் வளைவைப் பின்தொடர்கிறது. முன்புறத்து ரப்பர் வரிகள் தோலைச் சற்றே இழுத்துப் பிடிக்கின்றன. மேலே உள்ள பட்டையிலுள்ள பாலிஎத்திலீன் ஆக்சைடு நனைந்ததும் வழுவழுப்பாகி உராய்வைக் குறைக்கிறது. கோணம், இழுவை, வழுக்கல் ஆகிய மூன்றையும் கருவியே கவனித்துக்கொள்வதால், அரைத்தூக்கத்தில்கூட ஐந்து நிமிடத்தில் சவரத்தை முடித்துவிட முடிகிறது. சவரக்கத்தியைப் போற்றுபவர்களில் சிலர் இதை ஏளனமாகப் பேசுவதுண்டு. தினமும் காலையில் வேலைக்கு ஓடுபவரின் ஐந்து நிமிடத்தை ஏளனம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

குறையும் அதே அமைப்பிலிருந்துதான் வருகிறது. பல பிளேடுத் தலையில் முன்னால் செல்லும் பிளேடு முடியை வெட்டும்போதே அதைச் சிறிது வெளியே இழுக்கிறது. இழுபட்ட முடி தன் இடத்துக்குத் திரும்புமுன் அடுத்த பிளேடு இன்னும் தாழ்வாக வெட்டிவிடுகிறது. முடியின் நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் கன்னம் வழுவழுப்பாகிறது. ஆனால் சுருண்டு வளரும் முடி உள்ளவர்களுக்கு, கூராக வெட்டப்பட்ட அந்த நுனி மேலே வரும் வழியில் தோலின் பக்கவாட்டைத் துளைத்து உள்ளுக்குள்ளேயே வளரத் தொடங்கும். கழுத்தில் வரும் சிறு கட்டிகளுக்கு இது முக்கியமான காரணம். மேலும், ஒருமுறை இழுக்கும்போது ஐந்து வாய்கள் ஒரே இடத்தைக் கடக்கின்றன. இரண்டுமுறை இழுத்தால் பத்து. மென்மையான தோலுக்கு அது கூடுதல் உரசல். நான்கைந்து நாள் வளர்ந்த தாடியில் இத்தலைகளின் நெருக்கமான இடைவெளிகள் அடைத்துக்கொள்வதும், அடைத்ததைத் தட்டித் தட்டிக் கழுவ வேண்டியிருப்பதும் தெரிந்ததே.

பிளேடு ஏன் மழுங்குகிறது என்ற கேள்விக்கு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட விடை சுவையானது. பிளேடின் எஃகைவிட முடி ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. ஆயினும், எஃகின் நுண்கட்டமைப்பு சீராக இல்லாத ஓர் இடத்தில் முடி சாய்வாக வந்து வளைந்து அழுத்தும்போது, வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் பெயர்கின்றன. மெல்ல மெல்லத் தேய்வதைவிட இப்படிச் சில்லு சில்லாகப் பெயர்வதே மழுங்கலுக்குப் பெரிய காரணம் என்று அவர்கள் கண்டார்கள். எந்தக் கருவியானாலும் முடி அதன் வாயைக் கெடுத்தே தீரும். கெட்ட வாயை எறிவதா, சீர்செய்வதா என்பதில்தான் இரு முறைகளும் பிரிகின்றன.

நாமே பேண வேண்டிய வாய்

சவரக்கத்தியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது எளிமையான பொருளாகவே தோன்றும்: ஓர் எஃகு அலகு, அதன் தடித்த முதுகு, அலகு மடங்கி உட்காரும் இரு பக்கக் கைப்பிடி. அந்த எளிமைக்குள் ஒரு நுட்பமான கணக்கு இருக்கிறது. அலகின் அகலமும் முதுகின் கனமும் சேர்ந்தே வாயின் கோணத்தைத் தீர்மானிக்கின்றன. கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட்டபடியே நகர்கின்றன. எனவே தீட்டுபவர் கோணத்தைக் கண்ணால் அளக்க வேண்டியதில்லை, முதுகே அளவுகோலாக இருக்கிறது. முதுகு 4.5 மில்லிமீட்டர் கனமும் அலகு 16 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கத்தியில் அந்தக் கோணம் 16 பாகை அளவில் அமையும். ஆண்டுகள் செல்லச் செல்ல வாயோடு முதுகும் சிறிது தேய்வதால் கோணம் பெரிதாக மாறுவதில்லை. சமையலறைக் கத்தியைத் தீட்டிப் பழகியவர்கள் முதுகைத் தூக்கிப் பிடித்துத் தீட்ட முயல்வார்கள். அந்தப் பழக்கத்தை இங்கே மறந்துவிட வேண்டும்.

அகலத்தை அங்குலத்தின் எட்டில் பங்குகளாகக் கூறுவது மரபு: 4/8, 5/8, 6/8, 7/8 என்று. மேல் உதட்டிலும் தாடையின் வளைவிலும் எளிதாகத் திரும்புவதால் புதியவருக்கு 5/8 பொருத்தமானது. இருபக்கமும் குழிவாக அரைத்து மெலிதாக்கிய அலகு சற்றே வளைந்துகொடுக்கும். முடியை வெட்டும் ஓசையைக் காதுக்குக் கொண்டுவரும். ஆப்புப் போன்று தடித்த பழைய அலகு கனமாகவும் அமைதியாகவும் நகர்ந்து அடர்ந்த தாடியைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகும், ஆனால் தீட்ட நெடுநேரமாகும். முனை உருண்டையாக இருப்பதே தொடக்கத்துக்கு நல்லது. சதுர முனை மீசை ஓரத்தைத் துல்லியமாக வெட்டும். காது மடலையும் அதே துல்லியத்தோடு வெட்டும்.

இனி இந்த வாயைப் பேணும் வேலைக்கு வருவோம். மாறுவது குறித்த முடிவு இதில்தான் இருக்கிறது என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சவரத்துக்கும் முன்பு கத்தியைத் தோல்வாரில் இழுக்க வேண்டும். முந்தைய சவரத்தில் நுண்ணிய அளவில் வளைந்தும் கலைந்தும் போன வாயை இது மீண்டும் நேராக்குகிறது. வாரை இறுக்கமாக இழுத்துப் பிடித்து, கத்தியைத் தட்டையாக வைத்து, முதுகு முன்னேயும் வாய் பின்னேயும் செல்லுமாறு நகர்த்த வேண்டும். கோடியை அடைந்ததும் முதுகின் மேல் புரட்டித் திரும்பி வர வேண்டும். முதலில் துணி வாரிலும் பிறகு தோலிலுமாக முப்பது நாற்பது முறை இழுத்தால் போதும். ஆகும் நேரம் இரண்டு நிமிடம். கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் கூடாது. வார் தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். முதல் மாதத்தில் நான் ஒருநாள் அவசரத்தில் முதுகின் மேல் புரட்டுவதற்குப் பதிலாக வாயின் மேல் புரட்டிவிட்டேன். வாரில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல் விழுந்தது, கத்தியும் மழுங்கியது. ஒரு நொடிக் கவனக்குறைவுக்கு இரண்டு பொருள்கள் பலியாயின. முதல் வாரைச் சிக்கனமாக வாங்குங்கள் என்று இதனால்தான் சொல்வேன். அதை நீங்களும் வெட்டுவீர்கள்.

வாரில் இழுப்பது மட்டும் நீண்ட நாள் போதாது. தாடியின் முரட்டுத்தன்மையையும் கையின் பக்குவத்தையும் பொறுத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை கத்தி முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கும். அப்போது அதைக் கல்லில் வைக்க வேண்டும். நுண்மை எண் 1000 அளவுள்ள கல்லில் வாயின் அடிப்படை வடிவம் அமைக்கப்படுகிறது. 4000, 8000 எண் கற்களில் கீறல்கள் மெருகேறுகின்றன. 12000 எண் கல்லிலோ அதற்கு நிகரான இயற்கைக் கல்லிலோ முடிப்பு நடக்கிறது. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் மஞ்சள் நிறக் கல்லில் நுண்ணிய கார்னெட் படிகங்கள் இருப்பதால் அது தலைமுறைகளாக இவ்வேலைக்குப் புகழ்பெற்றிருக்கிறது. நல்ல நிலையில் உள்ள கத்திக்கு ஒவ்வொரு முறையும் எல்லாக் கற்களும் தேவைப்படுவதில்லை. இறுதிக் கல்லில் சில இழுப்புகளே போதும். குரோமியம் ஆக்சைடு பசை தடவிய தனி வாரில் அவ்வப்போது இழுத்தால் கல்லுக்குப் போகும் நாளை இன்னும் தள்ளிப்போடலாம். ஆனால் வாயில் சில்லு பெயர்ந்துவிட்டால் 1000-க்கே திரும்பிச் சென்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். அது அரை நாள் வேலை.

இதைத் தாமே செய்ய விரும்பாதவர்கள் சவரக்கத்தி தீட்டுவதில் தேர்ந்தவரிடம் கொடுத்து வாங்கலாம். அத்தகையவர் அருகில் இல்லாத இடத்தில் வசிப்பவர் கத்தியை அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்; அதற்காக இரண்டாவது கத்தி ஒன்றும் தேவைப்படும். எக்காரணம் கொண்டும் சுழலும் சாணைச் சக்கரத்தில் இதைக் கொடுத்துவிடக் கூடாது. சக்கரத்தின் சூடு மெல்லிய வாயின் பதத்தை எடுத்துவிடும். பதம் போன எஃகு பிறகு கூரைத் தாங்காது. புதிய கத்தி வாங்கும்போதும் எச்சரிக்கை தேவை: பல கத்திகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பார்வைக்குக் கூராக இருக்குமே தவிர முகத்துக்கு ஏற்ற கூரில் இருப்பதில்லை. முதல் சவரத்திலேயே வலியும் எரிச்சலும் கண்டு இம்முறையைக் கைவிட்டவர்களில் பலர் உண்மையில் தீட்டப்படாத கத்தியால் மழித்தவர்களே.

கத்தியைத் துருவிலிருந்து காப்பதும் இதில் சேர்ந்த வேலைதான். கார்பன் எஃகுக் கத்தியை ஈரத்தோடு மடக்கி வைத்தால் ஓரிரவில் துருப்புள்ளிகள் தோன்றும். துடைத்து, உலரவிட்டு, நீண்ட நாள் எடுக்காவிட்டால் ஒரு துளி எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே வைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகு இத்தொல்லையைப் பெரிதும் குறைக்கும், ஆனால் கல்லில் சற்றுப் பிடிவாதமாக இருக்கும்.

இவ்வளவையும் படிக்கும்போது எரிச்சல் வந்தால், அந்த எரிச்சலே உங்களுக்கான விடை. மாறாக, பேனா நிப்பைக் கழுவி வைப்பது, மிதிவண்டிச் சங்கிலிக்கு எண்ணெய் விடுவது போன்ற வேலைகளில் உங்களுக்கு ஓர் அமைதி கிடைக்கும் என்றால், தொடர்ந்து படியுங்கள்.

தோலுக்கு எது நல்லது

சவரக்கத்தியில் வாய் ஒன்றே. அது முடியைத் தோலின் மட்டத்தில் வெட்டிக் கடக்கிறது. இழுத்துத் தாழ்வாக வெட்டும் இரண்டாம் பிளேடு இல்லை. உள்நோக்கி வளரும் முடியால் அவதிப்படுபவர்களுக்கு ஒற்றை வாய்க் கருவிகள் பெரும்பாலும் ஆறுதலாக இருப்பதன் காரணம் இதுதான். ஆனால் இந்தப் பலன் சவரக்கத்திக்கு மட்டும் உரியதன்று. பாதுகாப்பு ரேசரிலும் வெட்டும் வாய் ஒன்றே. மேலும், கோணமும் அழுத்தமும் நம் கையில் இருப்பதால் முதல் இரண்டு மாதங்களில் எரிச்சல் குறைவதற்குப் பதிலாகக் கூடுவதே இயல்பு. கத்தி மாற்றிய முதல் வாரமே தோல் தெளிந்துவிட்டது என்று சொல்பவரின் பேச்சைச் சற்று ஐயத்தோடு கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். சவரக்கத்திக்கு மாறுபவர் கத்தியை மட்டும் மாற்றுவதில்லை. கேனிலிருந்து வரும் நுரையை விட்டு பிரஷ்ஷும் சோப்பும் வாங்குகிறார், முகத்தை வெந்நீரால் நனைக்கிறார், அவசரத்தை விடுகிறார். உலர்ந்த தாடி முடி வெட்டுக்குக் கடுமையாக எதிர்த்து நிற்கும். இரண்டு மூன்று நிமிடம் நீரில் ஊறினால் வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைந்துவிடும். ஆகவே தோல் தெளிவடைந்ததன் பெருமையில் ஒரு பங்கு நீருக்கும் சோப்புக்கும் போக வேண்டும். எரிச்சல் ஒன்றே உங்கள் குறை என்றால், ஒரு மாதம் கார்ட்ரிட்ஜையே வைத்துக்கொண்டு, முகத்தை நன்றாக ஊறவைத்து, பிரஷ்ஷால் நுரை தேய்த்து, முடி வளரும் திசையிலேயே, அழுத்தாமல், ஒரே ஒருமுறை மழித்துப் பாருங்கள். குறை அதோடு நீங்கிவிட்டால் கத்தி வாங்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

சவரக்கத்தியால் மழிப்பதன் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கத்தியைத் தோலுக்கு ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். மறு கையால் தோலை இறுக இழுக்க வேண்டும். இழுப்புகள் குறுகியவையாக இருக்க வேண்டும். வாயை அதன் நீளவாக்கில், அறுப்பதுபோல், ஒருபோதும் நகர்த்தக் கூடாது. முதல் சுற்று முடியின் திசையில், பழகியபின் குறுக்கே, எதிர்த்திசையில் மழிப்பதை முதல் சில மாதங்களுக்கு நினைக்கவே வேண்டாம். முதல் வாரங்களில் இரு கன்னங்களை மட்டும் கத்தியால் மழித்துவிட்டு, கழுத்து, மோவாய், மேல் உதடு ஆகியவற்றைப் பழைய ரேசரிடம் விட்டுவிடுவது வெட்கத்துக்குரியதன்று. நான் மோவாய்க்கு வர ஆறு வாரம் ஆயிற்று. வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக் கன்னத்துக்கு இடக்கையைப் பழக்கிக்கொண்டால் கை கண்ணாடியை மறைக்காது. தொடக்கத்தில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்; ஓராண்டுக்குப் பின் இருபது நிமிடம். அதற்குக் கீழே போக முயல்வது புத்திசாலித்தனம் ஆகாது.

தலையை மழிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பின்னந்தலையைத் தாமே சவரக்கத்தியால் மழிப்பது மிகுந்த தேர்ச்சி கேட்கும் வேலை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அசையும் தலையுடைய கார்ட்ரிட்ஜே தெளிவாக மேலானது.

செலவும் குப்பையும்

மிச்சம் பிடிக்கலாம் என்று இதற்கு வருபவர்கள் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். ஒரு பக்கத்தில் ஓராண்டில் நீங்கள் வாங்கும் மாற்றுத் தலைகளின் மொத்த விலையை எழுதுங்கள். மறுபக்கத்தில் கத்தி, வார், ஒருமுறையேனும் நீங்கள் வெட்டப்போகும் வாருக்கு மாற்று, தீட்டுகூலி அல்லது கற்கள், பிரஷ், சோப்பு ஆகியவற்றை எழுதுங்கள். வாரத்துக்கு இருமுறை மட்டும் மழித்து ஒரு தலையை ஒரு மாதம் ஓட்டுபவருக்கு இரண்டாவது பட்டியலின் செலவு திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். தினமும் மழித்து வாரம் ஒரு தலையைத் தீர்ப்பவருக்கு அது விரைவில் திரும்பிவிடும். அதன்பின் சோப்பையும் எப்போதாவது கொடுக்கும் தீட்டுகூலியையும் தவிரச் செலவில்லை, கத்தியோ நன்றாகப் பேணினால் உரிமையாளரைவிட நீண்ட நாள் இருக்கும்.

பட்டியலில் எழுதப்படாத ஒரு செலவும் உண்டு. இவ்வழியில் வந்த பலருக்கு ஒரு கத்தியோடு ஆசை நிற்பதில்லை. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் ஆகிய ஊர்களின் முத்திரை பதித்த பழைய கத்திகள் இன்னும் சந்தையில் சுற்றிவருகின்றன. சோலிங்கன் என்ற பெயரை அவ்வட்டாரத்தில் செய்யப்படாத கத்திகளில் பதிக்கக் கூடாது என்று 1938-இலேயே ஜெர்மனியில் சட்டம் இயற்றப்பட்டதால், அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு. ஷெஃபீல்டின் ஆப்பு வடிவக் கத்தி ஒன்றும், அதற்கு ஏற்ற கல் ஒன்றும் என்று வாங்கத் தொடங்கினால் கார்ட்ரிட்ஜின் வாழ்நாள் செலவையும் தாண்டிவிடலாம். என் அலமாரியில் ஐந்து கத்திகள் இருக்கின்றன. மிச்சம் பிடித்ததாகச் சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

மறுகோடியில், நம்ப முடியாத மலிவில் கிடைக்கும் சவரக்கத்தி போன்ற உருவங்களை ஒதுக்கிவிட வேண்டும். அவற்றின் எஃகு முறையாகப் பதமிடப்படாததால் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. வாயும் முதுகும் ஒரே தளத்தில் இல்லாததால் கல்லில் சீராக உட்காராது. அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் உள்ள பழைய கத்தியைத் தேடுவது எவ்வளவோ மேல்.

குப்பையைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. கார்ட்ரிட்ஜ் தலையில் பிளாஸ்டிக்கும் எஃகும் ரப்பரும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதால் மறுசுழற்சி கடினம். சவரக்கத்தியில் எறிவதற்கு எதுவும் இல்லை. பாதுகாப்பு ரேசரில் எறியப்படுவது மெல்லிய எஃகு பிளேடு மட்டும்.

நடுவில் நிற்கும் இருவர்

இவ்வளவு சொன்னபின், என் கணிப்பில் மாற விரும்பும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு ஏற்றது பாதுகாப்பு ரேசர்தான். அதன் பிளேடு 0.1 மில்லிமீட்டர் கனமே உள்ளது. வெட்டும் வாய் ஒன்று. கோணத்தைத் தலை ஓரளவு காட்டிக்கொடுக்கிறது. அழுத்தத்தை மட்டும் நாம் அடக்கினால் போதும். ஒரு வாரத்தில் கை பழகிவிடும், பத்து நிமிடத்தில் சவரம் முடிந்துவிடும். செலவு, எரிச்சல், பிளாஸ்டிக் என்று தொடக்கத்தில் சொன்ன மூன்று குறைகளும் பெருமளவுக்கு இதிலேயே தீர்ந்துவிடுகின்றன. தீட்டும் பொறுப்பும் தொழிற்சாலையிடமே இருந்துவிடுகிறது.

அரை பிளேடு செருகும் கத்தியின் கதை வேறு. சவரக்கத்தியின் உருவத்தில் இருந்தாலும், அதன் வாய் ஒவ்வொரு முறையும் மாற்றப்படும் பிளேடுதான். ஒருவருக்குப் பின் ஒருவராக மழிக்கும் தொழிலாளர்களுக்கு அதுவே முறையானது. ஏனெனில் ஹெபடைடிஸ் பி, சி போன்ற கிருமிகள் பகிர்ந்துகொள்ளும் கத்தியின் வழியே பரவக்கூடியவை. வீட்டில் தனியாக மழிப்பவர் இதைச் சவரக்கத்திக்கு ஒத்திகையாக வாங்குவது பொதுவான வழக்கம், ஆனால் நான் அதை அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். இதன் எடை குறைவு, பிளேடின் வாய் கடுமை, தவறைப் பொறுத்துக்கொள்ளும் தன்மை மிகக் குறைவு. நன்கு தீட்டி வாரில் இழுத்த சவரக்கத்தி தோலில் மென்மையாகப் படியும். அந்த மென்மையை அரை பிளேடில் எதிர்பார்த்துவிட்டு, இரத்தம் கண்டு பின்வாங்கியவர்களை அறிவேன். கையசைவைக் கற்க உதவும் என்பது உண்மை; கருவியின் குணத்தை அறிய உதவாது.

யார் தொடக் கூடாது

கை நடுக்கம் உள்ளவர்கள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்கள், முகத்தில் பழுத்த பருக்கள் உள்ளவர்கள் ஆகியோர் சவரக்கத்தியைத் தவிர்ப்பதே நல்லது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டி வைக்க இடமில்லையென்றால் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். வீட்டில் இருவர் மழிப்பதானால் இரண்டு கத்திகள் வேண்டும். ஒன்றைப் பகிர்வது எவ்வளவு நெருங்கிய உறவானாலும் தவறு. அடிக்கடி விமானத்தில் செல்பவர் இதைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது. கார்ட்ரிட்ஜைப் பொதுவாக அனுமதிப்பார்கள். சிறு வெட்டுகள் எவருக்கும் நேரும். படிகாரக் கட்டியை ஈரமாக்கி வைத்தால் அவை நின்றுவிடும். ஆனால் நழுவி விழும் கத்தியைப் பிடிக்கக் கையை நீட்டும் அனிச்சைச் செயலை முன்கூட்டியே அடக்கிப் பழக வேண்டும். கத்தி விழுந்தால் வாய்தான் போகும். பிடித்தால் விரல்கள் போகும்.

இத்தனைக்கும் பின் மாறுவது என்று முடிவெடுத்தால், முதலில் சோப்பையும் பிரஷ்ஷையும் வாங்கி இருக்கும் ரேசரோடு ஒரு மாதம் பழகுங்கள். பிறகு 5/8 அகலமும் உருண்டை முனையும் கொண்ட, கார்பன் எஃகில் செய்த, முகத்துக்கு ஏற்றபடி தீட்டித் தரப்பட்ட ஒரு கத்தியையும் சாதாரண வார் ஒன்றையும் வாங்குங்கள். கற்களை முதல் ஆறு மாதம் வாங்க வேண்டாம். நன்றாகத் தீட்டிய வாய் முகத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாதவர் எப்போது கல்லை நிறுத்துவது என்று அறிய மாட்டார். விடுமுறை நாளின் காலையில் தொடங்குங்கள், கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். பழைய ரேசரின் கைப்பிடியையும் இரண்டு தலைகளையும் எறிந்துவிடாமல் எடுத்து வையுங்கள். காய்ச்சலோடு கை நடுங்கும் நாளிலும், தூங்காத இரவின் மறுநாள் காலையிலும் அவற்றைத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.